வாயால சொல்லு

அன்று ஆபீஸ் ரூமில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடம் நடத்தும் கரஸ்பாண்டன்ட் சார். ஒண்ணாம் வகுப்பு மிஸ். வேனில் கூட வரும் ஆயா. மோனிஷின் அம்மா, ஒன்பதாம் மாச வயிற்றோடு நாற்காலியில். அவரைச் சுற்றி நின்றபடி அதே ஊர் அம்மாக்கள் மூன்று பேர். ஜெனியின் அம்மா, ஷிப்ட் நடுவில் பர்மிஷன் போட்டு நேராக வந்ததால் கம்பெனிச் சட்டையோடு, வாசல்படியில். கடைசியில் நான், வேன் டிரைவர்.

ஜெனி அங்கே இல்லை. வகுப்பில் இருந்தாள். ஆறு வயசு. பேச்சு அவளைப் பற்றித்தான்.

புதுசாக வேனுக்கு வந்திருக்கும் டிரைவர் தம்பிகளும் ஆயாக்களும் படிக்க ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று மிஸ் கேட்டார். நான் ஆறாவதோடு நின்றவன். எழுதிப் பழக்கமில்லை. வண்டி ஓட்டுவதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. லைசென்ஸ் எடுத்தவனுக்கு அது தெரியும். பின்னால் உட்கார்ந்து வருகிறவர்களைப் பற்றி யாரும் சொல்லித்தர மாட்டார்கள். அதைத்தான் எழுதுகிறேன்.

மோனிஷின் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார் அவன் அம்மா. அவனை அதற்காகவே வகுப்பிலிருந்து கூட்டி வந்து, காட்டிவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பல் பதிந்திருந்தது. ஜெனியின் பல். அதற்கு முன்னால் ஒருத்தனை அடித்திருந்தாள். இன்னொருத்தியின் தலைமுடியைப் பிடித்து இழுத்திருந்தாள். எல்லாம் வேனில், காலையில்.

“அந்தப் பொண்ணு வேன்ல வந்தா எங்க நாலு பேர் ஊட்டுப் புள்ளைங்களும் வராது சார்” என்றார் மோனிஷின் அம்மா. நின்றவர்களில் ஒருவர், அந்தப் பக்கத்துப் பிள்ளைகளே இப்படித்தான் என்றார். எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

ஜெனியின் அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். “வேன் இல்லன்னா அவ ஸ்கூலுக்கு வரமுடியாது சார்.”

அது நிஜம். அவர் புதுவாயல் கூட்ரோட்டில் காலையில் கம்பெனி பஸ் ஏறுகிறவர். புருஷன் லாரி ஓட்டப் போனவர், மாசத்துக்கு ஒரு தடவை வருவார். என் வேன் புறப்படுவதும் அந்தக் கூட்ரோட்டிலிருந்துதான். நான் டீ குடிக்கும்போதே பிள்ளையை வண்டியில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு, அவர் தன் பஸ்ஸுக்கு ஓடுவார். வேன் போனால் ஸ்கூல் போச்சு.

கரஸ்பாண்டன்ட் சார் நல்ல மனுஷன். ஆனால் நாலு பிள்ளைகள் நின்றுவிட்டால் அந்த ரூட்டில் வண்டி ஓடாது. அடுத்த சனிக்கிழமை வரைக்கும் பார்ப்போம், இன்னொரு தடவை ஏதாவது நடந்தால் அந்தப் பிள்ளையை வேனில் ஏற்ற வேண்டாம் என்றார். என்னைப் பார்த்தார். பார்க்கிறேன் சார் என்றேன்.

எங்கள் வேனில் ஒரு வழக்கம் இருந்தது. அது எல்லா வேனிலும் இருக்கும், உங்கள் வேனிலும் இருக்கும். சண்டை நடந்தால் ஆயா அடித்த பிள்ளையைப் பிடித்து, “சாரி சொல்லு” என்பார். அது சாரி சொல்லும். “பழம் உடு” என்பார். ரெண்டு பேரும் விரலைத் தொட்டுக்கொள்வார்கள். பள்ளிக்கூட கேட் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மிஸ்ஸுக்குச் சேதி போகாது.

ஜெனி நன்றாக சாரி சொல்வாள். கண்டக்டரிடம் டிக்கெட்டுக்குச் சில்லறை நீட்டுவது மாதிரி. கொடுத்தாச்சு, இனி என்னைக் கேட்காதே என்று. அடுத்த நாள் காலையில் மறுபடியும் அடிப்பாள்.

அன்று சாயந்திரம் பிள்ளைகள் ஏறும்போது மிஸ் வேன் பக்கத்தில் வந்து நின்றார். சின்ன வயசு, என் கடைசி மகளைவிடச் சின்னவர். “வகுப்புல அவ யாரையும் தொடறதில்லண்ணா” என்றார். “அவ அடிச்சப்பறம் என்ன ஆச்சுன்னு நாம எல்லாரும் பேசறோம். அடிக்கறதுக்கு முன்னாடி என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியல. நான் வேன்ல இல்ல. நீங்க இருக்கீங்க.”

நான் இருந்தேனா என்று யோசித்தேன். இருந்தேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நம் வேலை அப்படி. பின்னால் சத்தம் வந்த பிறகுதான் கண்ணாடியில் பார்ப்போம். சத்தம் கடைசியாக வருவது.

திங்கட்கிழமை உள்கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்து வைத்தேன். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் வண்டி நின்ற பிறகு பார்த்தேன்.

ஜெனி முதலில் ஏறுகிறவள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. ரேஷன் கடை ஸ்டாப்பில் இரண்டு பிள்ளைகள் ஏறினார்கள். ஆயா, “ஜெனி, நகரு” என்றார். நகர்ந்தாள். பால் சொசைட்டியில் ஒரு சின்னப் பிள்ளை. “ஜெனி, அந்தாண்ட போ.” போனாள். கோயில் ஸ்டாப்பில் மோனிஷும் அவன் ஊர்ப் பிள்ளைகளும். “ஜெனி, பின்னாடி போ.” பின்னால் போனாள். அங்கேயும் ஆள் வந்ததும், “ஜெனி, முன்னாடி வா, இன்ஜின் மேல குந்திக்கோ.” வண்டி முழுக்க அவளை ஒரு சுற்று சுற்ற வைத்தாகிவிட்டது. இன்ஜின் பெட்டி சுடும். அவள் காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டாள். அப்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்துவிட்ட மோனிஷ், இன்னும் கொஞ்சம் தள்ளு என்று அவள் பையை முழங்காலால் இடித்தான். அவள் கை மேலே போனது. ஆயா பிடித்துக்கொண்டார். அன்றைக்குத் தப்பித்தோம்.

முதலில் வந்தவளை எல்லோருக்கும் கடைசியாக உட்கார வைத்தோம். தினம் தினம்.

ஆயாவைத் தப்புச் சொல்ல மாட்டேன். அவருக்கும் ஜெனிக்கும் ஒரே தெரு. இறக்கிவிட்டு வண்டியைத் துடைக்கும்போது, ஏன் எப்போதும் ஜெனியையே நகரச் சொல்கிறாய் என்று கேட்டேன்.

“அது நம்ம புள்ளண்ணா. உரிமையா சொல்லலாம். மத்ததுங்கள சொன்னா அதுங்க ஊட்ல கேப்பாங்க.”

அவ்வளவுதான் விஷயம். யார் வீட்டில் கேட்கமாட்டார்களோ அந்தப் பிள்ளையை நகர்த்துவது நமக்குச் சுலபம். அது கெட்ட எண்ணத்தில் வருவதில்லை. பாசத்தில்கூட வரும். பாசத்தோடு நகர்த்தினாலும் பிள்ளைக்கு நகர்த்தினதுதான். உங்கள் வண்டியில் எந்தப் பிள்ளையை அப்படி நகர்த்துகிறீர்கள் என்று நாளைக்கே பாருங்கள். ஒன்று இருக்கும்.

நாளையிலிருந்து அவளை விட்டுவிடு என்றேன். மற்றப் பிள்ளைகள் கத்தும் என்றார் ஆயா. கத்தட்டும் என்றேன்.

செவ்வாய்க்கிழமை கத்தினார்கள். கோயில் ஸ்டாப்பில் ஏறின மோனிஷ், ஜன்னல் ஓரம் வந்து நின்று, “ஏய், எந்திரி, அது என் இடம்” என்றான். அவனுக்கும் வயசு ஆறுதான். எத்தனையோ நாளாக அவனுக்கு அந்த இடம் கிடைத்துவந்தது. அவன் கணக்கில் அது அவன் இடம்தான். ஜெனி எழுந்திருக்கவில்லை. கையை முறுக்கினாள். ஆயா பாதி எழுந்துவிட்டார்.

நான் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஒரு டிப்பர் ஆரன் அடித்துக்கொண்டே இருந்தான். நான் திரும்பவும் இல்லை. பெரியவன் திரும்பி முறைத்தால் பிள்ளைகள் என்னைப் பார்ப்பார்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்க்க மாட்டார்கள். கண்ணாடியைப் பார்த்தே சொன்னேன்.

“ஜெனி. கை வேணாம். வாயால சொல்லு.”

“இன்னா சொல்றது?”

அந்தக் கேள்வி எனக்குப் புதுசு. அடிக்காதே என்று அவளிடம் ஆயிரம் பேர் சொல்லியிருப்பார்கள். அதற்குப் பதிலாக என்ன சொல்வது என்று யாரும் கொடுக்கவில்லை. கையில் இருப்பதைப் பிடுங்கினால் வேறு ஒன்று கொடுக்க வேண்டாமா.

“நகர மாட்டேன்னு சொல்லு.”

சொன்னாள். எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொல்லச் சொன்னேன். இந்தத் தடவை மோனிஷுக்குக் கேட்டது. அவன் ஆயாவைப் பார்த்தான். ஆயா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். அவன் போய் வேறு இடத்தில் உட்கார்ந்தான். உர்ரென்று வந்தான், ஆனால் உட்கார்ந்தான். டிப்பர்காரன் என்னைத் தாண்டும்போது திட்டிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு ஒரு பேஜாரு. அந்த வார்த்தை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பள்ளிக்கூடம் வந்து எல்லோரும் இறங்கினார்கள். ஜெனி உட்கார்ந்தே இருந்தாள். ஆயா கூப்பிட்டார். “நகர மாட்டேன்.” பிரேயருக்கு மணி அடித்தது. “நகர மாட்டேன்.” மிஸ்ஸே வந்து வேன் படியில் கால் வைத்து, “நல்லா சொல்ற ஜெனி. அது உன் இடம்தான். நாளைக்கும் உன் இடம்தான். இப்ப இறங்கு” என்றார். அதன் பிறகுதான் இறங்கினாள். மத்தியானம் சாப்பாட்டு வரிசையிலும் அதையே சொன்னாளாம். புதன்கிழமை அது பாதியாகக் குறைந்தது. புதுச் செருப்பு வாங்கின பிள்ளை வீட்டுக்குள்ளேயும் போட்டுக்கொண்டு நடக்கும் இல்லையா, அப்படி. தேய்கிறவரை விட்டுவிட வேண்டும்.

ஜெனியின் அம்மா தினமும் காலையில் கம்பெனி பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே என்னைக் கேட்பார். “எதனா பண்ணாளாண்ணா?” ஒண்ணுமில்லம்மா என்பேன். அவர் நம்பின மாதிரி தெரியாது. சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று மட்டும் கேட்பார்.

வெள்ளிக்கிழமை வந்தது.

மத்தியானம் மோனிஷின் அம்மாவுக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பக்கத்து வீட்டம்மா பிள்ளையை இறக்கிக்கொள்வார் என்று கரஸ்பாண்டன்ட் சார் என் ஜன்னலுக்கு வந்து மெதுவாகச் சொன்னார். எனக்குப் பின் சீட்டில் நாலாவது படிக்கும் கார்த்தி. அவன் காதில் விழுந்துவிட்டது. வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் மோனிஷிடம் சொல்லிவிட்டான். சொன்னதோடு நிற்கவில்லை.

“எங்க தாத்தாவையும் ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டினு போனாங்க. வரவே இல்ல.”

அவன் கெட்டதாகச் சொல்லவில்லை. அவனுக்கு ஆஸ்பத்திரி பற்றித் தெரிந்தது அதுதான்.

அப்போது ரயில்வே கேட் போட்டிருந்தது. எனக்கு முன்னாலும் பின்னாலும் லாரி. இன்ஜினை நிறுத்தினேன். மோனிஷ் எழுந்து வந்து கதவுப் பிடியை இழுத்தான். பூட்டியிருந்தது. ரெண்டு கையாலும் இழுத்தான். நான் எறங்கணும், எங்கம்மாகிட்ட போணும் என்று கத்தினான். ஆயா இடுப்பைப் பிடித்தார். உதைத்தான். “ஆம்பளப் புள்ள அழலாமா” என்றார் ஆயா. ஒன்றும் ஆகாது என்றார். அவன் இன்னும் அதிகமாகக் கத்தினான். ஒன்றும் ஆகாது என்று ஆயாவுக்கு எப்படித் தெரியும்? அவனுக்கே அது புரிந்தது. பின் சீட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். சின்னது ஒன்று தானும் அழ ஆரம்பித்தது.

நான் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கப் போனேன். அப்போது ஜெனி தன் இடத்திலிருந்து எழுந்தாள். மோனிஷைப் பார்த்து நடந்தாள்.

ஆயா அவனை ஒரு கையில் பிடித்துக்கொண்டே இன்னொரு கையை இவள் பக்கம் நீட்டினார், தடுக்க. அந்த வாரம் முழுக்க நாங்கள் இருவரும் பயந்தது இதற்குத்தான். நாளைக்குச் சனிக்கிழமை. இப்போது ஒரு அடி விழுந்தால் அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

எனக்கு யோசிக்க நேரமில்லை. ஆயா பிடித்தால் ஜெனி கை ஓங்குவாள், அது நிச்சயம். பிடிக்காவிட்டால் என்ன செய்வாள் என்பது தெரியாது. தெரியாததே மேல் என்று பட்டது.

“உடு ஆயாம்மா” என்றேன்.

ஆயா என்னைப் பார்த்தார். கையை எடுத்தார்.

ஜெனி அவனுக்கு ஒரு கை தூரத்தில் நின்றாள். “மோனிஷு. அங்க குந்து. அங்கேர்ந்து ட்ரெயின் தெரியும்.”

“வேணாம் போ.”

“சரி” என்றாள். நின்றாள். திரும்பிப் போய் உட்காரவும் இல்லை. ஜன்னல் இடம் காலியாகவே இருந்தது. வண்டியில் யாரும் அதில் உட்காரவில்லை. சிரித்தவர்களும் நிறுத்திவிட்டார்கள்.

கூட்ஸ் வண்டி வரும் சத்தம் கேட்டது. மோனிஷ் கதவுப் பிடியை விட்டான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே போய் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தான். ஜெனி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழாதே என்று சொல்லவில்லை. ஒன்றும் ஆகாது என்றும் சொல்லவில்லை. பெட்டிகளை எண்ண ஆரம்பித்தாள். சத்தமாக. அவன் கொஞ்ச நேரம் அழுதுகொண்டே பார்த்தான். இருபது தாண்டினதும் அவன் குரலும் சேர்ந்தது. விக்கல் வரும்போது ஒரு நம்பரை விட்டுவிடுவான். அவள் அவனுக்கும் சேர்த்துச் சொல்வாள். லாரிக்காரர்கள் இறங்கி பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

வண்டி போய் முடிந்தது. அப்போதுதான் சண்டை வந்தது.

ஐம்பத்தெட்டு என்றாள் ஜெனி. ஐம்பத்தொன்பது என்றான் மோனிஷ்.

“கடைசில வந்தது கார்டு பொட்டி. அத எண்ணக்கூடாது.”

“அதுவும் பொட்டிதான். சக்கரம் இருக்குது.”

“அதுல சரக்கு இல்ல. ஆளு குந்தினு இருக்காரு.”

“ஆளு இருந்தா பொட்டி இல்லன்னு ஆயிடுமா?”

ரெண்டு பேருக்கும் குரல் ஏறியது. ஆயா என் தோளைத் தொட்டார். அடித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று அர்த்தம். நான் கண்ணாடியில் பார்த்தேன். ஜெனியின் வலது கை முறுக்கிக்கொண்டது. மேலே வரப் பார்த்தது. அவள் அந்தக் கையைத் தன் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். “மொதல்ல நான் சொல்றத கேளு” என்றாள்.

எந்த மிஸ்ஸும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கையை எங்கே வைப்பது என்று அவளே கண்டுபிடித்தது. நாம் கொடுக்க முடிவது கொஞ்சம்தான் தம்பிகளே. ஒரு இடம், ஒரு வார்த்தை. மீதியை அதுகளே செய்யும். நாம் நடுவில் கையை நீட்டாமல் இருந்தால்.

“அங்கிள், நீங்க சொல்லுங்க” என்று ரெண்டு பேரும் என்னைக் கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியும். முன்னால் கேட் தூக்க ஆரம்பித்துவிட்டார்கள், நான் ரோட்டைப் பார்க்கணும், நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்றேன். லாரிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஆரன் அடித்தன. கோயில் ஸ்டாப் வரைக்கும் இருவர் வாயும் ஓயவில்லை. என்ன முடிவானது என்று எனக்குக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டம்மா நின்றிருந்தார். மோனிஷ் இறங்கிப் போனான். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. கையில் காயம் எதுவும் இல்லை. புதுவாயலில் ஜெனியை இறக்கும்போது அவள் அம்மா கேட்டார், நான் ஒண்ணுமில்லம்மா என்றேன். அன்றைக்கு அப்படிச் சொன்னது சரியில்லை. நிறைய இருந்தது.

சனிக்கிழமை மறுபடியும் ஆபீஸ் ரூம். மோனிஷின் அம்மாவைத் தவிர மற்ற எல்லோரும் வந்திருந்தார்கள். நாற்காலி காலியாக இருந்தது. கரஸ்பாண்டன்ட் சார் அவருக்கு போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேஜை மேல் வைத்தார். பின்னால் குழந்தை சத்தம். விடியற்காலையில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்றார். களைத்த குரல். சந்தோஷம்மா என்று சார் சொல்லிவிட்டு, மெதுவாக, அந்த வேன் விஷயம் என்று இழுத்தார்.

“அந்தப் பொண்ணு வரட்டும் சார்.”

நின்றிருந்த மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ஜெனியின் அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

ஏன்மா, போன வாரம் அப்படிச் சொன்னீங்களே என்று சார் கேட்டார்.

“தெனமும் மோனிஷ் ஊட்டுக்கு வந்ததும், இன்னிக்கு அந்தப் பொண்ணு இன்னா பண்ணிச்சின்னு நான் கேப்பேன் சார். அடிச்சா, புடுங்கனான்னு எதனா சொல்லுவான். நேத்து வலியிலயும் கேட்டேன். அவங்கப்பா அவன ஆஸ்பத்திரிக்கு கூட்டினு வந்திருந்தாரு. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னான். ரெண்டு பேரும் சேந்து முடிவு பண்ணோம்மா, கூட்ஸ் வண்டிக்கு எத்தினி பொட்டி தெரியுமான்னான்.”

“எத்தினியாம்?” என்றார் சார்.

“ஐம்பத்தெட்டரை.”